உலகம்மாள் ஆற்றிடம் சொன்ன கனவு

தாமிரபரணித் தண்ணீரை ஒரு வாயாவது குடித்தவர்கள் இதைக் கேட்டால் "அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். குடிக்காதவர்கள் பிறகு ஒருநாள் வந்து குடித்துக்கொள்ளட்டும், கதை அதுவரைக்கும் காத்துக் கிடக்காது.

சீவலக்குறிச்சியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிற உலகம்மாளின் ஒரே மகள் செண்பகவல்லி, சதுரங்கத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தாள். அந்தப் பட்டத்தைக் கேட்டு ஐனூர் என்று ஒரு கசாக் நாட்டுப் பெண் கிளம்பியிருந்தாள், போட்டி மாசக் கடைசியில், பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில். மற்ற ஆட்டக்காரர்கள் போட்டிக்கு முன்னால் மலைக்குப் போவார்கள், கடற்கரைக்குப் போவார்கள், செண்பகம் மட்டும் அம்மா வீட்டுக்கு வந்து தூங்குவாள். பகலில் அவளுடைய கோச் கிருபாகரனோடு மடிக்கணினியைத் திறந்துவைத்துப் படிப்பாள், அது ஊருக்குத் தெரிந்த படிப்பு. ஆனால் அண்டாவும் குண்டானும் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கிற அந்தப் பின்கட்டு அறையில் பாயைப் போட்டுப் படுத்தாளானால், போட்டியில் எத்தனை ஆட்டம் இருந்தாலும் பட்டத்தைத் தீர்க்கிற அந்த ஒரு ஆட்டம், ஒரு தூக்கத்துக்குக் கொஞ்சமாக, கனவில் வந்து இறங்கிவிடும். பிறகு பலகையிலும் அதே ஆட்டம்தான் வரும். எதிரில் உட்காருகிறவளுக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. மழைக்குத் தேதி எப்படித் தெரியும் என்று யார் கேட்கிறார்கள்.

இந்தத் தடவை வந்த சில நாளில், செண்பகம் காலையில் எழுந்து பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமே வரலம்மா. வெறும் தூக்கமா இருக்கு. துடைச்சு வச்ச தட்டு மாதிரி."

ஏற்கெனவே பயிற்சி ஆட்டங்களில் அவள் சின்னப் பிள்ளைகளிடம்கூடத் தோற்றுக்கொண்டிருந்தாள். "ஃபார்ம் போயிடுச்சு" என்று கோச் யாரிடமோ போனில் முணுமுணுத்ததை உலகம்மாள் கேட்டிருந்தாள். ஆற்றுக்கு அக்கரை போன மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல அவர் அதைச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு டெய்லர் சுடலைமுத்து, வாயில் பிரஷ்ஷோடு, ஒரு காலை இழுத்து இழுத்து வாசலில் வந்து நின்றார்.

"மதினி, உங்க மவ எந்திச்சாச்சா? ஒரு குதிரை விஷயமாப் பேசணும்."

"என்ன குதிரை?"

"ராத்திரி பூரா நான் குதிரையா இருந்தேன். நேராப் போக வரமாட்டேங்கு மதினி. ரெண்டு எட்டு வச்சா இடுப்பு தன்னால ஒரு பக்கமாத் திரும்புது. முன்னால நின்னவன் தலைக்கு மேல தாவி, கறுப்புக் கட்டத்துல இருந்து வெள்ளைக் கட்டத்துக்குப் போயி நின்னேன். நின்னேன், நின்னேன், விடியுத வரைக்கும் நின்னேன். இப்பம் முட்டி வலி உயிர் போகுது."

செண்பகம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தன் ஆட்டுக்குட்டி பக்கத்து வீட்டுக் கொடியில் மேய்வதைப் பார்த்தவள் போல, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், "அது என் குதிரை மாமா" என்றாள்.

அதற்குள் தெரு முனையில் கோயில் யானைப்பாகன் மைதீன் வந்துகொண்டிருந்தார், கனவில் தன் யானை சங்கிலியில்லாமலே ஒரு மூலையில் அசையாமல் நின்றதாகச் சொல்ல. அவருக்குப் பின்னால் ரேஷன் கடையில் எடை போடுகிற தமயந்தி, தான் ஒரு சிப்பாயாக ஒரே ஒரு அடி முன்னால் போனதாகவும் அந்த ஒரு அடிக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டதாகவும் சொல்ல. பால் பொங்கினால் பாத்திரத்துக்குள்ளேயா நிற்கும், அது போலச் செண்பகத்தின் கனவு பொங்கி ஊருக்குள் வழிந்து, யார் யார் தலைமாடு தாழ்வாக இருந்ததோ அங்கெல்லாம் போய்த் தேங்கிவிட்டது. காரணம் என்று ஊர் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்கு மேல் பேச யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் செய்யவேண்டிய காரியம் நிறைய இருந்தது.

கிருபாகரன் சேலத்துக்காரர், கணக்கு படித்தவர், முதல் நாள் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் டெய்லர் சொன்னதையும் பாகன் சொன்னதையும் பலகையில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, பேசாமல் மடிக்கணினியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வரிசையா வாங்க, டீ குடிச்சவங்க முதல்ல" என்றார்.

அதிலிருந்து ஊருக்கு ஒரு புது ஒழுங்கு வந்தது. ராத்திரி பரோட்டாக் கடையில் அடுப்பு சீக்கிரம் அணைந்தது, வயிறு கனத்தால் காய் சரியாக நகராது என்று. குறட்டை விடுகிறவர்களின் வீட்டுக்காரிகள் பாயைத் தூக்கிக்கொண்டு தனியே போனார்கள். தமயந்தி சிப்பாயாக இருப்பதில் பெருமைப்பட்டு, பின்னால் திரும்பிப் போக விதியில்லாதவள் என்பதால், தெருவில்கூட ஏதாவது மறந்துவிட்டால் திரும்பிப் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்து வந்தாள். வெட்டுப்பட்ட மந்திரியாக இருந்த சலூன்காரர் ஒரு நாள் கடை திறக்காமல் படுத்துக் கிடந்தார். ஊரார் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து விசாரித்துவிட்டு வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் துரைப்பாண்டி, தன் கனவில் வந்தது ராஜாதான் என்று வெள்ளை வேட்டியோடு வந்து சொன்னார்.

"நேத்து எங்க நின்னீங்க சார்?" என்றார் கோச்.

"எட்டாவது கட்டத்துல நின்னேன். கூட்டம் ஜாஸ்தி. ஒம்பதாவதுக்கு நகந்துட்டேன்."

"பலகையில எட்டுதான் சார் இருக்கு."

"நம்ம ஊருக்குன்னு ஒண்ணு சேத்துப் போடக்கூடாதா?" என்றார் தலைவர். கூட்டம் கலைந்த பிறகு காதோரமாக வந்து, தான் ஓரத்துச் சிப்பாய்தான், இன்னும் கிளம்பவே இல்லை, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ராணி உலகம்மாளிடம் இருந்தாள்.

கல்யாண வீட்டுக் கொல்லைப்புறங்களைத் தவிர உலகம்மாள் இந்த உலகத்தில் பார்த்தது குறைவு. முன்வாசலில் மேளம் அடிக்கும், பின்வாசலில் அவள் கரண்டி எண்ணிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் கனவில், கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளக்கிற தரையில், முந்தானையைச் செருகாமல் பறக்க விட்டுக்கொண்டு, நேராகவும் குறுக்காகவும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போனாள், யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, எதிரே நின்றவர்கள் எல்லாம் அவள் வருவதைப் பார்த்து இடுப்பில் கைவைத்து மூச்சை அடக்கினார்கள். காலையில் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

"ரொம்பத் தூரம் போயிட்டேன்ட்டி" என்பாள் மகளிடம். "அந்தக் கோடிக்கே போயிட்டேன். ஒருத்தனும் தடுக்கலையே."

"நீ போகலாம்மா. ஒன்ன மட்டும்தான் எங்க வேணும்னாலும் விடுவாங்க."

செண்பகம் கேட்டதையெல்லாம் பலகையில் வைத்து வைத்து, தொலைத்த நகையை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்ப வாங்குகிறவள் போல, முகம் தெளிந்துகொண்டு வந்தாள். பயிற்சி ஆட்டங்களிலும் ஜெயிக்கத் தொடங்கினாள். கனவில் வந்த ஆட்டமும் வளர்ந்து, முற்றி, இரண்டு பக்கமும் மூச்சுமுட்ட நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்கு வந்தது. அவள் ராஜாவைச் சுற்றி ஐனூரின் காய்கள் வளைத்து நின்றன. இனி ஒரே ஒரு நல்ல காய் நகர்த்தினால் தப்பலாம், அது எது என்று தெரியவில்லை. செண்பகம் விமானம் ஏற இன்னும் ஒரு ராத்திரியும் ஒரு பகலும்தான் இருந்தது.

இங்கே அந்த ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சீவலக்குறிச்சியில் ஒருவருக்குக் கெட்ட கனவு வந்தால், எழுந்ததும் யார் முகத்திலும் முழிக்காமல், வாய் கொப்பளிக்காமல், நேராகப் படித்துறைக்குப் போய் முழங்கால் தண்ணீரில் நின்று ஆற்றிடம் சொல்லிவிடுவார்கள். மனுஷரிடம் சொன்னால் பலித்துவிடும். ஆற்றிடம் சொன்னால் ஆறு வாங்கிக்கொள்ளும், சொன்னவர் மனசில் அதில் ஒரு நூல்கூட மிஞ்சாது. கனமாக ஏதோ கொண்டுவந்தோம், இறக்கிவைத்தோம் என்பது மட்டும் தெரியும். ராத்திரி வயிறு வலித்து எழுகிறவர் எப்படி யோசிக்காமல் கதவைத் திறப்பாரோ, அப்படி யோசிக்காமல் செய்கிற காரியம் அது.

அந்த ராத்திரி கழிந்த காலையில் உலகம்மாள் கண் விழித்ததும், பக்கத்தில் படுத்திருந்த மகளின் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு எழுந்தாள். நடந்தாள். திரும்பி வரும்போது சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது, மனசு லேசாக இருந்தது, வழியில் பூக்காரியிடம் சிரித்துப் பேசி ஒரு முழம் மல்லிகைகூட வாங்கினாள்.

வாசலில் ஊரே நின்றிருந்தது. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். டெய்லரின் குதிரை அசையவில்லை. பாகனின் யானை அசையவில்லை. தமயந்தி நின்ற இடத்தில் நின்றாள். ராத்திரி முழுக்க யாருமே நகரவில்லை, எல்லோரும் யாரோ நடக்கிற சத்தத்தை மட்டும் கேட்டிருந்தார்கள், சேலை தரையில் உரசுகிற சத்தம்.

"அப்போ ராணிதான்" என்றார் கோச், எழுந்து நின்று. "அம்மா, சொல்லுங்க. எங்க போனீங்க?"

உலகம்மாள் வாயைத் திறந்தாள். கையில் இருந்த மல்லிகையைப் பார்த்தாள். நனைந்த சேலையைப் பார்த்தாள்.

"ஆத்துல சொல்லிட்டேனே" என்றாள்.

கிருபாகரன் நாற்காலியில் உட்கார்ந்தார், நாற்காலிக் கால் ஒன்று வளைந்தது. செண்பகம் அம்மாவின் தோளைத் தொட்டு, "பரவால்லம்மா, விடு" என்றாள். அந்த "விடு"வில் இருந்த அயர்ச்சியைக் கேட்டபோதுதான் உலகம்மாளுக்குத் தான் செய்தது என்ன என்று உறைத்தது.

கோச் மடிக்கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ராணியைப் பின்னால் இழு என்றது அது. இழுத்தால் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் தோற்கலாம் என்றது. கம்ப்யூட்டரைக் குறை சொல்லக்கூடாது, அதற்குத் தூக்கம் கிடையாது.

"ஆத்துல போட்டது ஆத்துலதான கெடக்கும்" என்றார் பாகன் மைதீன். "மொண்டு பாப்போம்."

ஊருக்கு அது சரியென்று பட்டது. உலகம்மாளின் கடையிலிருந்து அண்டா, தவலை, சருவம், குத்துப்போணி என்று இருந்த பாத்திரமெல்லாம் வெளியே வந்தது. பெரிய கல்யாணத்துக்குக்கூட அவ்வளவும் ஒருசேர வெளியே வந்ததில்லை. ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று மொண்டு மொண்டு கரைக்குக் கொடுத்தார்கள், கரையில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள், குடித்த மாத்திரத்தில் மருத மர நிழலில், மணலில், படியில், எங்கே இடமிருந்ததோ அங்கே கண் சொருகிச் சாய்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீன்கொத்தி ஒன்று தூங்குகிறவர்களின் மேலாகப் போயும் வந்தும் இருந்தது.

ராணி வரவில்லை. வேறு என்னென்னவோ வந்தது. அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக ஆற்றிடம் இறக்கிவைத்த கனவெல்லாம் மணலுக்கடியில் அப்படியே கிடந்தது போலும், கலக்கியதும் மேலே வந்துவிட்டது. டெய்லர் சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய அப்பா, வாழ்நாளில் அவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிடாத மனுஷன், மகன் பஸ் சக்கரத்தில் விழுவதாகக் கண்டு ஒரு விடியற்காலையில் இங்கே வந்து தண்ணீருக்குள் நின்று அழுதிருக்கிறார். தமயந்திக்கு அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத அக்காளின் கனவு கிடைத்தது, அதில் தமயந்தி காய்ச்சலில் கிடந்தாள். அவள் எழுந்து, திரும்பி நடக்கமாட்டேன் என்ற வைராக்கியத்தை விட்டு, வந்த வழியே திரும்பி அக்காள் வீட்டைப் பார்க்கப் போனாள்.

உலகம்மாளும் ஒரு வாய் குடித்தாள். அவளுக்கு வந்தது செத்துப்போன புருஷன் சண்முகவேலின் கனவு. திருச்செந்தூர்த் திருவிழாக் கூட்டம், அவள் பச்சைச் சேலையில் முன்னால் போகிறாள், கூட்டம் மூடிக்கொள்கிறது, அவர் உலகு, உலகு என்று கூப்பிட்டுக்கொண்டு கடல் வரைக்கும் ஓடுகிறார், கடலில் ஒரு பச்சைச் சேலை மிதக்கிறது.

கண் விழித்து வெகுநேரம் மேலே இலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்டேன், திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு" என்றாள் பக்கத்தில் இருந்த பாகனிடம். "செலவுக்குப் பயந்து வரலேன்னு நெனச்சு, அந்த மனுஷனை எத்தனை ஏச்சு ஏசிருக்கேன்."

"இங்க எல்லாருக்கும் அதான்க்கா" என்றார் மைதீன். "எனக்கும் இப்பம் ஒண்ணு வந்துச்சு. ஆரு கனவுன்னு தெரியல. தன்னையப் பத்திப் பயந்து ஒருத்தனும் ஆத்துக்கு வந்ததாத் தெரியலியே."

உலகம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியிலிருந்து மணலைத் தட்டினாள். பாகன் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு, பூட்டிக் கிடந்த பரணில் வெளிச்சம் விழுந்ததுபோல இருந்தது. கனவு போய்விட்டது, சரி. கனவு கண்டவள் இங்கேதானே இருக்கிறாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் உலகம்மாள் ஆற்றுக்கு ஓடுவாளென்றால் அது சாவைக் கண்ட கனவாகத்தான் இருக்கும் என்று உலகம்மாளுக்குத் தெரியாதா.

ஆற்றிடம் சொன்னதுதான் சரி என்று ஒரு மனம் சொன்னது. தோற்றால் என்ன, பட்டம் போனால் என்ன, பிள்ளை உயிரோடு வந்து சேர்ந்தால் போதாதா. மனுஷரிடம் சொன்னால் பலித்துவிடும். அதுவும் சம்பந்தப்பட்டவளிடமே சொல்வதென்றால். கனவில் விழுந்தது தானா, தன் வடிவில் மகளா, அதுகூட இப்போது ஞாபகம் இல்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவள் போல அவள் வீடு வரைக்கும் நடந்தாள்.

செண்பகம் பெட்டியில் கம்பளிச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பலகை பக்கத்தில் இருந்தது, ராணி இருந்த இடத்திலேயே இருந்தாள். பிள்ளையின் முகத்தில், தோற்கப் போகிற இடத்துக்கு ஒழுங்காகத் தலைவாரிக்கொண்டு கிளம்புகிற ஒரு பொறுமை இருந்தது. சின்ன வயதில் காய்ச்சலோடு பரீட்சைக்குப் போனபோது இருந்த அதே முகம். அதைப் பார்த்தபிறகு உலகம்மாளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஏட்டி, இங்க பாரு. ராணி சாவுதா."

செண்பகம் நிமிர்ந்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா அதாம். வேற எதுக்கும் நான் ஆத்துக்குப் போயிருக்க மாட்டேன். தானாப் போயி, அவனுவ நடுவுல நின்னு, வெட்டுப்படுதா. எந்தக் கட்டம்னு கேக்காத, எனக்குத் தெரியாது." இவ்வளவும் சொல்லிவிட்டு, சொன்ன வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

செண்பகம் பலகையைப் பார்த்தாள். கம்பளிச் சட்டை ஒன்று பாதி மடித்தபடி கையிலேயே இருந்தது. வெளியே பாத்திரங்களை யாரோ கொண்டுவந்து இறக்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சட்டையை மடித்து முடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"எந்தக் கட்டம்னு நான் பாத்துக்கிடுதேன்ம்மா."

கோச் வந்து, கேட்டு, கணினியில் ராணியை ஒவ்வொரு கட்டத்திலும் கொன்று பார்த்தார். தோல்வி, தோல்வி, தோல்வி என்றது. கடைசியாகச் செண்பகம் விரல் வைத்த கட்டத்திலும் தோல்வி என்றுதான் சொல்லிற்று. ஆனால் அதன் விசிறி நெடுநேரம் இரைந்துகொண்டே இருந்தது, இரைச்சலுக்கு நடுவே, ஜெயிக்கிற வாய்ப்பைக் காட்டுகிற எண் மெதுவாக, வேண்டாவெறுப்பாக, ஏறத் தொடங்கியது. "அட" என்றார் கிருபாகரன்.

போட்டி நடந்தது. இருவரும் ஆளுக்கு ஒன்றாக ஜெயித்தார்கள், சமமாக முடித்தார்கள், அதையெல்லாம் ஊர் பாத்திரம் கழுவுகிற சத்தம் போலக் கேட்டும் கேட்காமலும் விட்டது. தீர்க்கிற ஆட்டத்தன்று மட்டும் மீனாட்சி கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை பெண் உட்காருகிற மேடையில் வெள்ளைத்துணி கட்டிப் படம் ஓட்டினார்கள். மத்தியான நேரம். உலகம்மாளை யாரும் கொல்லைப்புறத்துக்குப் போக விடாமல் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். காய்கள் ஒவ்வொன்றும் கனவில் நடந்தபடியே நடந்தன. தன் குதிரை தாவியபோது டெய்லர் முட்டியைத் தடவிக்கொண்டார். ஓரத்துச் சிப்பாய் கடைசியில் ஒரு அடி எடுத்துவைத்தபோது தலைவர் துரைப்பாண்டி, ஏனென்று யாரும் கேட்காமலிருக்க, இருமினார்.

அந்த இடம் வந்தது. திரையில் செண்பகம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு ராணியை எடுத்தாள், வழக்கம்போல ரெண்டு விரலால் அல்ல, ஐந்து விரலாலும், குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல எடுத்து, எதிரிகளின் நடுவில் கொண்டுபோய் வைத்து, கையை எடுக்க ஒரு கணம் யோசித்து, எடுத்தாள். ஐனூர் நெடுநேரம் பார்த்தாள். வேறு வழியில்லாமல் வெட்டினாள்.

உலகம்மாள் முன்வரிசை நாற்காலியில் சாய்ந்தாள். கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. கூட்டம் அவளைச் சுற்றி வந்தது. தமயந்தியின் அக்காள் விசிறினாள். டெய்லர் தண்ணீர் கொண்டுவந்தார். தொட்டு எழுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை, சொன்னது பலித்துவிட்டது என்று ஒருவர் கண்ணில் ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது, யாரும் பார்க்கவில்லை. ராணி இல்லாத வெள்ளைக் காய்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு ராஜாவை நெருங்கியதையும், தமயந்தியின் சிப்பாய் ஒவ்வொரு அடியாகக் கோடி வரைக்கும் நடந்ததையும், ஐனூர் கைநீட்டிக் கைகுலுக்கியதையும் வெறும் நாற்காலிகள்தான் பார்த்தன.

போன் அடித்தது. உலகம்மாளின் மடியில் அது அடித்துக்கொண்டே இருந்தது. மைதீன்தான் எடுத்து அவள் காதில் வைத்தார்.

"அம்மா." மகளின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா, இருக்கியா?"

உலகம்மாள் கண்ணைத் திறந்தாள். மத்தியானத் தூக்கம் கலைந்தவள் போலச் சுற்றிலும் பார்த்து, விலகிக்கிடந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இருக்கேன்ட்டி. எங்க போவேன்."

"எங்கம்மா போன? மாமா எல்லாம் அழுகுற சத்தம் கேக்கு."

"பலகைக்கு வெளிய" என்றாள் உலகம்மாள். "வெட்டுப்பட்டா வேற எங்கயும் போகல பிள்ளே. ஓரத்துல எடுத்து வச்சுருதாவ. சலூன்காரரு முன்னமே வந்து உக்காந்திருந்தாரு. அந்தக் கசாக்குக்காரி ஆளுவளும் நெறைய பேரு அங்கதான் இருந்தாவ, பாவம், நல்ல மனுஷங்க. ஒண்ணா உக்காந்து ஒன் ஆட்டத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். அங்க இருந்து பாத்தா நல்லாத் தெரியுது." கொஞ்சம் யோசித்தாள். "பந்தி முடிஞ்ச பொறவு அண்டாவக் கழுவிக் கவுத்தி வப்போம் பாரு, அந்த மாதிரி இருந்துச்சு. ஒரு வேலையும் இல்ல. சொகமா இருந்துச்சு."

மறுமுனையில் செண்பகம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஜெயிச்சிட்டியா?" என்று பிறகுதான் கேட்டாள் உலகம்மாள்.

அன்று ராத்திரியிலிருந்து ஊரில் ஆளாளுக்கு அவரவர் கனவே வந்தது. செண்பகம் பட்டத்தோடு வந்து இறங்கி, யாரும் மாலை போடுவதற்கு முன்னால் பின்கட்டு அறையில் போய்ப் படுத்து, மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள். உலகம்மாள் அவளை எழுப்பவில்லை. ஆற்றில் மொண்ட பாத்திரமெல்லாம் மணல் ஒட்டிக் கிடந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் புளிபோட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்துக்கொண்டே, எதிர்வீட்டு டெய்லரிடம் திருச்செந்தூருக்குக் காலையில் எத்தனை மணிக்கு முதல் பஸ் என்று கேட்டாள்.